எல்லையில் நிற்கும் எண் எந்தப் பிரிவைச் சேர்ந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘20 முதல் 30 வரை’, ‘30 முதல் 40 வரை’ என்று வயது வாரியாகப் பிரித்துப் போட்ட ஓர் அட்டவணையைப் பார்க்கும்போதெல்லாம், சரியாக 30 வயதானவரை எந்த வரியில் சேர்த்திருப்பார்கள் என்ற கேள்விதான் எனக்கு முதலில் எழுகிறது. தங்கள் நாளிதழில் வரும் அட்டவணைகளிலும் இதற்குப் பெரும்பாலும் விடை இருப்பதில்லை. அதைப் பெருங்குறையாகச் சொல்ல நான் வரவில்லை. வணிக அறிக்கைகளைத் தயாரிப்பதையே தொழிலாகக் கொண்ட நாங்களும், அதற்கான மென்பொருள்களை எழுதுகிறவர்களும் இதே கேள்வியை இன்னும் அலட்சியமாகக் கையாளுகிறோம் என்பதைப் பொதுவில் ஒப்புக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

விற்பனை, நிலுவை, சரக்கிருப்பு ஆகியவற்றைத் தொகை வாரியாகவும் நாள் வாரியாகவும் பிரித்துக் காட்டும் அறிக்கைகளைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். ஆயிரக்கணக்கான வரிகளை யாராலும் படித்து முடிக்க முடியாது என்பதால், அவற்றை ஐந்தாறு பிரிவுகளாகச் சுருக்கித் தருகிறோம். அப்படிச் சுருக்கும்போது எங்கே கோடு கிழிப்பது, கோட்டின் மீதே நிற்கும் எண்ணை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதை யாரோ ஒருவர் முடிவு செய்கிறார்; சில நேரங்களில் யாரும் முடிவு செய்யாமல் மென்பொருளே செய்துவிடுகிறது. அந்த முடிவு அறிக்கையில் அச்சாவதில்லை. அச்சாக வேண்டும் என்பதே என் கோரிக்கை.

நான் முன்பு பணிபுரிந்த நிறுவனம் ஒன்றில், ஒரு மாதத்தின் விற்பனை பில்களைத் தொகை வாரியாகப் பிரித்துத் தரும்படி கேட்டார்கள். 0 முதல் 1,000 வரை, 1,001 முதல் 5,000 வரை, 5,001 முதல் 10,000 வரை, 10,000-க்கு மேல் என நான்கு நிபந்தனைகளை நானே எழுதினேன். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. கணக்குப் பிரிவில் இருந்த மூத்தவர் ஒருவர், அச்சான தாளைக் கையில் வாங்கியதும் வழக்கம்போல் பென்சிலால் நான்கு வரிகளையும் கூட்டினார். 405 வந்தது. தாளின் அடியில் மொத்த பில்கள் 412 என்று இருந்தது. இரண்டுக்கும் இடையிலான 7 என்ற எண்ணை எழுதி வட்டமிட்டு, தாளை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, 1,000-க்கும் 1,001-க்கும் நடுவில் ஒன்றுமே இல்லை என்று எனக்கு யார் சொன்னது என்று மட்டும் கேட்டார்.

அந்த ஏழும் 1,000.50, 5,000.75 போன்ற சில்லறை விழுந்த தொகைகள். எந்த நிபந்தனையிலும் அவை அடங்கவில்லை. அடங்காதவற்றை விட்டுவிடும்படி அந்த அறிக்கையில் ஓர் அமைப்பு இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. அடியில் வந்த மொத்தமோ நேராகத் தரவுத்தளத்திலிருந்து எடுக்கப்பட்டது; எனவே அது சரியாகவே இருந்தது. மொத்தமும் தவறாக வந்திருந்தால் ஒருவேளை நானே கண்டுபிடித்திருப்பேன்.

இந்தத் தவறுக்கான மருந்து பள்ளிப் பாடத்திலேயே இருந்தது என்பதுதான் வேடிக்கை. நிகழ்வெண் பட்டியல் போடக் கற்றபோது, விலக்கும் முறை, உள்ளடக்கும் முறை என்று இரண்டு முறைகளைப் படித்தோம். 10–20, 20–30 என்று எழுதுவது முதல் முறை. அதில் மேல் எல்லையான 20 அந்தப் பிரிவிலிருந்து விலக்கப்பட்டு அடுத்த பிரிவுக்குப் போகும். 10–19, 20–29 என்று எழுதுவது இரண்டாவது. அதில் இரு எல்லைகளும் பிரிவுக்குள்ளேயே அடங்கும். இரண்டாம் முறையில் இருப்பதைத் தொடர்ச்சியான பிரிவுகளாக மாற்ற, கீழ் எல்லையில் 0.5 கழித்து மேல் எல்லையில் 0.5 கூட்டியதும் பலருக்கு நினைவிருக்கும். எதற்காக அந்த அரையைக் கூட்டிக் கழிக்கிறோம் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. ஏழு பில்கள் காணாமல் போன பிறகுதான் புரிந்தது. ஆட்களையும் பெட்டிகளையும் எண்ணும்போது 19-க்கும் 20-க்கும் நடுவில் எதுவும் இல்லை. தொகை, எடை, நேரம் ஆகியவற்றில் அந்த இடைவெளி காலியாக இருப்பதில்லை.

மென்பொருள்கள் இதில் ஒத்துப்போவதுமில்லை. எக்செல் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். தசம எண்கள் கொண்ட ஒரு நெடுவரிசையை, தரவைத் தொகுத்துச் சுருக்கிக் காட்டும் பிவட் டேபிளில் பத்துப் பத்தாகக் குழுவாக்கினால், 20 என்ற மதிப்பு ‘20–30’ என்ற வரியில் விழும். அதே எண்களை, அதே எல்லைகளைக் கொடுத்து, ‘ஃப்ரீக்வன்சி’ என்ற ஃபார்முலாவால் எண்ணினால், அது ஒவ்வொரு எல்லைக்கும் ‘இதற்குச் சமமாகவோ குறைவாகவோ’ என்று பார்ப்பதால், 20 என்பது முந்தைய பிரிவில் போய் உட்காரும். 2016 பதிப்பில் சேர்க்கப்பட்ட நிகழ்வுச் செவ்வகப் படமும் மேல் எல்லையை உள்ளடக்கியே எண்ணுகிறது. அந்தப் படம் மட்டும், அடைப்புக்குறியைச் சதுரமாகவும் வளைவாகவும் மாற்றிப் போட்டு, எந்த எல்லை உள்ளே, எந்த எல்லை வெளியே என்பதைப் படத்தின் கிடை அச்சிலேயே காட்டிவிடுகிறது. கணிதக் குறியீடு தெரியாதவர்களுக்கு அது அச்சுப்பிழை போலத் தோன்றலாம். ஆனால் நான் கேட்கும் நேர்மை அதில் இருக்கிறது. டேப்லோ என்ற மென்பொருளோ, ஒவ்வொரு பிரிவுக்கும் கீழ் எல்லையை மட்டுமே பெயராக இடுகிறது. பத்து என்று போட்டிருந்தால் பத்திலிருந்து தொடங்குகிறது என்று நாமே புரிந்துகொள்ள வேண்டும்.

எல்லையில் நிற்பவை ஒன்றிரண்டு எண்கள்தானே, அதனால் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. பன்னிரண்டு ஆர்டர்கள் அனுப்பிவைக்கப்பட எடுத்துக்கொண்ட நாள்கள் இவை என்று வைத்துக்கொள்வோம்: 4, 6, 8, 9, 10, 10, 10, 10, 12, 15, 18, 19. இவற்றை 1–10, 11–20 என்று பிரித்தால் முதல் பிரிவில் எட்டு, இரண்டாவதில் நான்கு. மூன்றில் இரண்டு பங்கு விரைவாகப் போய்ச் சேர்ந்துவிட்டதாக மேலாளர் மகிழலாம். 1–9, 10–19 என்று பிரித்தால் முதல் பிரிவில் நான்கு, இரண்டாவதில் எட்டு. அதே பன்னிரண்டு ஆர்டர்கள்; இப்போது மூன்றில் இரண்டு பங்கு தாமதம். ஒரு எண்ணைக்கூட யாரும் மாற்றவில்லை.

இது கணக்குப் புத்தகத்துக்காகச் செயற்கையாகச் செய்த எடுத்துக்காட்டு என்று தோன்றலாம். ஆனால் உண்மைத் தரவுகள் இப்படித்தான் குவிகின்றன. பத்து நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்று கெடு வைத்தால் பத்தாம் நாளில்தான் பெரும்பாலான வண்டிகள் கிளம்பும். முப்பது நாள் தவணை என்றால் முப்பதாம் நாளில்தான் பணம் வரும். தொகைகளும் முழு ஆயிரங்களில் குவியும். வயதைக் கேட்டாலும் பலர் முப்பது, நாற்பது என்று முழுமையாக்கியே சொல்வார்கள். நாமோ எல்லைக் கோடுகளையும் அதே முழு எண்களில்தான் போடுகிறோம். ஆக, கூட்டம் எங்கே நெருக்கியடித்து நிற்கிறதோ அதன் நடுவிலேயே கயிற்றைக் கட்டுகிறோம். எல்லையில் நிற்பவை எப்போதும் ஒன்றிரண்டாகவே இருக்கும் என்ற நம்பிக்கை ஆதாரமற்றது.

நிலுவைத் தொகைகளை 0–30, 31–60, 61–90, 90 நாள்களுக்கு மேல் என்று பிரித்துக் காட்டுவதை அலுவலகங்களில் ஏஜிங் ரிப்போர்ட் என்பார்கள். வணிக அறிக்கைகளிலேயே அதிகம் பேர் பார்ப்பதும், அதிகம் சண்டைக்கு இடமாவதும் இதுதான் என்பது என் அனுபவம். முதலில், நாள்களை எங்கிருந்து எண்ணுவது? பில் போட்டு 45 நாள் ஆகியிருக்கும். முப்பது நாள் தவணை உள்ள வாடிக்கையாளர் என்றால் கெடு தாண்டியது 15 நாள்தான். பில் தேதியிலிருந்து எண்ணினால் இரண்டாம் பிரிவு, கெடு தேதியிலிருந்து எண்ணினால் முதல் பிரிவு. அறிக்கையின் தலைப்பில் ‘நாள்கள்’ என்று மட்டும் இருக்கும். விற்பனைப் பிரிவினர் ஒன்றாகவும் கணக்குப் பிரிவினர் வேறாகவும் புரிந்துகொண்டு, இருவருமே தாம் சொல்வதே சரி என்று ஒரு மணி நேரம் பேசுவதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். இருவர் சொன்னதும் சரிதான்.

இதைவிடக் கமுக்கமான தவறு ஒன்று உண்டு. பிரிவுகளை, தரவுத்தளத்திலிருந்து தகவல் கேட்க உதவும் எஸ்.க்யூ.எல். மொழியின் ‘கேஸ்’ கூற்றால் எழுதுகிறவர்கள், 30 வரை ஒன்று, 60 வரை ஒன்று, 90 வரை ஒன்று என்று மூன்று நிபந்தனைகளை எழுதிவிட்டு, மீதியை எல்லாம் ‘எல்ஸ்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘90 நாள்களுக்கு மேல்’ என்று தள்ளிவிடுவது வழக்கம். தேதியே பதியப்படாத ஒரு பில் இருந்தால், வெற்று மதிப்போடு எந்த ஒப்பீடும் உண்மையாகாது என்பதால், அது மூன்று நிபந்தனைகளையும் வழுக்கிக் கடந்து, கடைசியில் ‘90 நாள்களுக்கு மேல்’ என்ற பிரிவில் விழும். நேற்றுப் போட்ட பில்லாகவே அது இருக்கலாம். தேதி எழுத மறந்த ஒருவரின் பிழை, பணம் கொடுக்காத ஒரு வாடிக்கையாளரின் குற்றமாக அறிக்கையில் மாறிவிடுகிறது.

தேதி வரம்புகளிலும் இதே மொழியின் ‘பிட்வீன்’ ஒரு கண்ணி. அது இரு எல்லைகளையும் உள்ளடக்கும் என்பது எல்லாரும் அறிந்தது. ஆனால் தேதியோடு மணியும் சேர்த்துப் பதியப்படும் நெடுவரிசையில், மாதத்தின் 1 முதல் 31 வரை என்று கேட்டால், 31 என்பது அந்த நாள் பிறக்கும் நள்ளிரவு 12 மணியையே குறிக்கும். அன்று காலை முதல் இரவு வரை போட்ட பில்கள் அத்தனையும் வெளியே நின்றுவிடும். மாதக் கடைசி நாள்தான் பல இடங்களில் பில்கள் அதிகமாக விழும் நாள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ‘அடுத்த மாதம் 1-ஆம் தேதிக்கு முன்’ என்று எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

பிரித்த பின் வரிசைப்படுத்துவது தனிக் கதை. பிரிவின் பெயர் எழுத்தாகவே சேமிக்கப்படுவதால், மென்பொருள் அதை அகராதி வரிசையில் அடுக்குகிறது. 0–30, 31–60, 61–90 என்று இருக்கும் வரை அகராதி வரிசையும் எண் வரிசையும் தற்செயலாக ஒன்றாகவே இருப்பதால் யாரும் குறை காண்பதில்லை. ஆண்டுகள் கழித்து ஒருவர் ‘121–180’ என்ற பிரிவைச் சேர்க்கச் சொல்வார். அது 0–30-க்கு அடுத்த வரியில், 31–60-க்கு முன்னால் போய் நிற்கும். சொற்களால் பெயரிட்டாலும் தப்பிக்க முடியாது. குறைவு, நடுத்தரம், அதிகம் என்ற மூன்றையும் அகரவரிசையில் அடுக்கிப் பாருங்கள்: அதிகம் முதலில், குறைவு நடுவில், நடுத்தரம் கடைசியில்! மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் ‘பார்ட்டிஷன்’ என்ற பழைய ஃபார்முலாவை எழுதியவர்கள் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். அது தரும் பிரிவுப் பெயரில் சிறிய எண்களுக்கு முன் வெற்றிடங்களை நிரப்பி எல்லாவற்றையும் ஒரே நீளமாக்கிவிடுவதால், எழுத்தாக அடுக்கினாலும் எண் வரிசை கெடாது. பவர் பி.ஐ. போன்ற இன்றைய மென்பொருள்களில், ஒரு நெடுவரிசையை வேறொரு நெடுவரிசையின்படி வரிசைப்படுத்தச் சொல்லும் வசதி இருக்கிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வரிசை எண்ணைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. அந்த ஒரு நெடுவரிசையைச் சேர்க்கச் சோம்பல்பட்டு, பெயருக்கு முன்னால் புள்ளிகளையும் அ, ஆ, இ என்ற எழுத்துகளையும் ஒட்டவைத்த அறிக்கைகளை நிறையப் பார்த்துவிட்டேன். என் பழைய அறிக்கைகளும் அவற்றில் அடக்கம்.

எண்ணிக்கை அதிகமுள்ள பிரிவு முதலில் வரட்டும் என்று அடுக்குவதும் வழக்கமாகிவருகிறது. பொருள்களையோ கிளைகளையோ அப்படி அடுக்கலாம்; வரம்புகளை அப்படி அடுக்கக் கூடாது. வரம்புகளுக்கு இயல்பான ஒரு வரிசை உண்டு, அதைக் குலைத்தால் பரவலின் வடிவமே தெரியாது. காலிப் பிரிவு மறைந்துபோவதும் இதே வகைதான். 41 முதல் 50 வரை ஒரு பதிவும் இல்லை என்றால் அந்த வரியே அறிக்கையில் வராது. 40-க்கு அடுத்து 51 என்று படம் தொடர்ந்து செல்லும். பூஜ்யமும் ஒரு தகவல். பிவட் டேபிளில் தரவு இல்லாதவற்றையும் காட்டச் சொல்லும் அமைப்பு இருக்கிறது; நாமே தேடிச் சென்று இயக்கினால்தான் அது வேலை செய்யும்.

எத்தனை பிரிவுகள் வைப்பது என்பதற்குப் புள்ளியியலார் சூத்திரங்கள் தந்திருக்கிறார்கள். 1926-இல் ஸ்டர்ஜஸ் தந்த விதிப்படி 1,000 பதிவுகளுக்குச் சுமார் 11 பிரிவுகள் வரும். 1979-இல் ஸ்காட்டும், 1981-இல் ஃப்ரீட்மனும் டயகோனிஸும் தந்த விதிகள் தரவின் பரவலையும் கணக்கில் கொள்கின்றன. எக்செல் படம் தானாகப் பிரிவு அகலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஸ்காட்டின் விதியையே பின்பற்றுகிறது. தரவு எப்படி இருக்கிறது என்று முதல்முறை பார்ப்பதற்கு இவை நல்லவை. ஆனால் நிர்வாகத்துக்குப் போகும் அறிக்கையில் 437.2 முதல் 861.9 வரை என்று ஒரு பிரிவு வந்தால் அதை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது. கடன் வரம்போ, தள்ளுபடிப் படியோ, ஒப்புதல் அதிகாரமோ எந்த எண்ணில் மாறுகிறதோ அங்கே கோடு விழ வேண்டும். பதிவுகளைச் சம எண்ணிக்கையில் நான்காகப் பிரிக்கும் ‘என்டைல்’ முறையிலும் எச்சரிக்கை தேவை. அது தலைகளை எண்ணிப் பிரிப்பதால், ஒரே தொகைக்கு வாங்கிய இரு வாடிக்கையாளர்களில் ஒருவரை முதல் தரத்திலும் மற்றவரை இரண்டாம் தரத்திலும் போட்டுவிடக்கூடும். கீழே போனவருக்கு அதற்கு யார் விளக்கம் சொல்வது?

ஏழு பில்கள் தொலைந்த அந்த நாளுக்குப் பின் நான் கடைப்பிடிக்கும் முறை எளியது. பிரிவுகளை எந்த அறிக்கைக்குள்ளும் எழுதுவதில்லை. வரிசை எண், கீழ் எல்லை, பெயர், எந்தத் தேதியிலிருந்து நடைமுறை என்ற நான்கு நெடுவரிசைகள் கொண்ட ஒரே ஓர் அட்டவணை. எல்லா அறிக்கைகளும் அதைத்தான் பார்க்க வேண்டும். மேல் எல்லையை அதில் வைப்பதே இல்லை. அடுத்த பிரிவின் கீழ் எல்லை எதுவோ அதற்கு முன்வரை இந்தப் பிரிவு. மேல் எல்லை என்று தனியாக ஒன்று இல்லாதபோது, பிரிவுகளுக்கு நடுவே இடைவெளி விழவும் வழியில்லை, ஒரே எண் இரு பிரிவுகளில் விழவும் வழியில்லை. எக்செல்லில், அட்டவணையில் ஒரு மதிப்பைத் தேடித் தரும் வி-லுக்கப் ஃபார்முலாவைத் தோராயப் பொருத்தத்தில் (அதே எண் இல்லாவிட்டால் அதற்குக் கீழுள்ள எண்ணை எடுக்கும் விதத்தில்) பயன்படுத்துவோர் பலர் அறியாமலே இந்த முறையைத்தான் கையாளுகிறார்கள். எல்லைகள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும் என்பது மட்டும் அதில் கட்டாயம். இல்லாவிட்டால் பிழைச் செய்தி எதுவும் காட்டாமல் தவறான விடையைத் தந்துவிடக்கூடும்.

அறிக்கை மென்பொருள்களை எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது இரண்டே. பிரிவுப் பெயர்களைத் தானாக உருவாக்கும்போது, எந்த எல்லை உள்ளே என்பதைச் சொற்களாலேயே எழுதட்டும். ‘20 முதல், 30-க்குக் குறைவாக’ என்பது சற்று நீளம்தான், ஆனால் அதில் ஐயம் இல்லை. அடுத்து, எந்தப் பிரிவிலும் சேராதவற்றை என்ன செய்வது என்பதில் முன்னிருப்பாக ‘தனி வரியாகக் காட்டு’ என்றே இருக்கட்டும். கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் என்ற அறிக்கை மென்பொருளில் நாமே வரிசையை வகுத்துக் குழுவாக்கும்போது, மற்றவற்றை விட்டுவிடுவதா, ஒரே குழுவாகச் சேர்ப்பதா, தத்தம் குழுவிலேயே விடுவதா என்று வெளிப்படையாகவே கேட்கப்படுகிறது. கேட்கப்படுவது நல்லது. விட்டுவிடு என்பதைத் தேர்ந்தால், எத்தனை விடப்பட்டன என்ற எண்ணிக்கையும் அறிக்கையின் அடியில் தானாக அச்சாகும்படி செய்தால் இன்னும் நல்லது.

தங்களிடம் கேட்பது இதைவிடச் சிறியது. வயது, வருமானம், மதிப்பெண் என எதைப் பிரித்து வெளியிட்டாலும், 20–29, 30–39 என்றோ, ‘30-க்கு மேல், 40 வரை’ என்றோ ஐயமின்றி அச்சிடும்படி அட்டவணை தயாரிப்பவர்களிடம் சொல்லுங்கள். கிடைத்த மூலத்தில் அது தெளிவாக இல்லை என்றால், தெளிவாக இல்லை என்று ஒரு வரி போடுவதும் போதும்.

என் அறிக்கைகளில் இப்போது கடைசி வரியாக ‘எதிலும் சேராதவை’ என்று ஒன்று எப்போதும் இருக்கும். பெரும்பாலான மாதங்களில் அதில் 0 என்றே இருப்பதால், இடத்தை அடைக்கிறது, எடுத்துவிடலாமே என்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். சென்ற மாதம் அதில் 3 என்று வந்தது. மூன்றும் தேதி குறிக்கப்படாத பில்கள். பழைய முறையில் என்றால் அவை 90 நாள்களுக்கு மேல் என்ற வரியில் போய், மூன்று வாடிக்கையாளர்களுக்கு நினைவூட்டல் கடிதமும் கிளம்பியிருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
அறிக்கை தயாரிக்கும் பணியில் இருப்பவர்